பேரப்பிள்ளைகளை எடுத்து வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இங்கே மலேசியாவில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பாட்டி, மகள் விட்டுப்போன இரண்டு பேரன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பையில் துணி, அவ்வளவுதான். "பத்திரமெல்லாம் அப்புறம் அனுப்புறேன்னு சொன்னா" என்றார். பதினோரு வருடத்துக்கு முன்னால், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்), தங்கை மகனை எடுத்துக்கொண்டபோது நானும் இதையேதான் சொன்னேன். சோறு போடவும் பள்ளிக்கு அனுப்பவும் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

நம்ம பிள்ளைதானே, பேப்பர் எதுக்கு?

தங்கை ஜொகூருக்கு வேலைக்குப் போனபோது அவள் மகனுக்கு 4 வயது. என் கையில் இருந்தது மங்கிப்போன ஒரு போட்டோஸ்டாட் மட்டும். 12 வயதில் மைகாட் என்ற அடையாள அட்டை (ஐ.சி.) எடுக்கப் போனோம். அசல் பிறப்புப் பத்திரம் எங்கே, அம்மா அப்பா எங்கே, இல்லையென்றால் சட்டப்படி பாதுகாவலர் யார் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், ஆனால் நான் பெரியம்மா என்பதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை, தங்கையோ நம்பரை மாற்றியிருந்தாள். ஆறாம் ஆண்டு வகுப்பே புது ஐ.சி.யைக் காட்டிக்கொண்டு திரிய, இவன் "வீட்டில் வைத்துவிட்டேன்" என்று நான்கு மாதம் சொல்லிச் சமாளித்திருக்கிறான். எனக்கே பின்னால்தான் தெரியும். இன்றும் ஆத்திரமாக வருகிறது, ஏனென்றால் போகிற அன்றைக்கு அவள் என் வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் தேத்தண்ணி குடித்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள்.

பிள்ளை வாசல் ஏறும் அன்றே அசல் பிறப்புப் பத்திரம், மைகிட் (சின்னப் பிள்ளைகளுக்கான அடையாள அட்டை), தடுப்பூசிப் புத்தகம், பெற்றோர் ஐ.சி. நகல் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளை உங்களிடம் இருக்கச் சம்மதம் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அழுதுகொண்டு நிற்பவளிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள்.

பாதுகாவலும் தத்தும் ஒன்று என நினைப்பது

அந்தக் கடிதம் மட்டும் போதாது. முஸ்லிம் அல்லாதவர்கள் 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவல் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாவலர் உரிமை கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையா, சட்ட உதவி இலாகாவில் விசாரியுங்கள். தத்து வேறு. தேசியப் பதிவு இலாகா வழியாகத் தத்தெடுக்க, பிள்ளை தொடர்ந்து 2 வருடமாவது உங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும். பெற்றவள் திரும்பி வருவாள் என்று நம்பிக்கை இருந்தால் அதற்கு அவசரப்படாதீர்கள். பாட்டி ஏட்டில் அம்மாவாகிவிட்டால், வந்து நிற்கும் மகள் தன் பிள்ளைக்கு என்ன முறை?

உதவி கேட்க வெட்கப்படுவது

சமூகநல இலாகாவில் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. போய்க் கேளுங்கள்.

பிள்ளை காதுபட அம்மாவைத் திட்டுவது

வேண்டாம்.

நேற்று அந்தப் பாட்டியின் மகளுக்கு நானே போன் போட்டேன். சின்னவனுடைய பத்திரத்தை போஸ்ட்டில் போட்டுவிட்டாளாம். பெரியவனுடையது எங்கே என்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.