ராஸ்பெரி பையில் வீடியோ திக்காமல் ஓட: ஹார்ட்வேர் டிகோடிங்கை இயக்கும் வழி

தங்கச்சியின் கல்யாண வீடியோ ரொறன்ரோவிலிருந்து வந்து சேர்ந்த இரவு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு டீவிக்கு முன்னால் அம்மா நேரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். விசா கிடைக்காததால் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனவர் அவர். டீவியோடு ராஸ்பெரி பை 4 என்ற, கையடக்கமான சிறு கணினி ஒன்றை இணைத்து வைத்திருந்தேன். வீடியோவைப் போட்டேன். கெட்டிமேளம் முழங்குகிறது, ஆனால் திரையில் ஐயர் இன்னும் தேங்காயைக் கையில் வைத்தபடியே உறைந்து நிற்கிறார். படம் நகர்ந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. "கட்டினதையே காணேல்லையே" என்றார் அம்மா.

அன்றிரவு இரண்டு மணி வரை அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. நான் தொடங்கிய இடமே பிழை என்பது மறுநாள்தான் விளங்கியது. நீங்கள் சரியான இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். ஒரு 1080பி படத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. செக்கனுக்கு 30 படங்கள் என்று வைத்து விரித்துப் போட்டால், ஒவ்வொரு செக்கனுக்கும் 90 மெகாபைட்டுக்கு மேல் வரும். அதனால்தான் வீடியோவைச் சுருக்கி மடித்துக் கோப்பாக்குகிறார்கள். பார்க்கும்போது அதை மறுபடி விரிக்கும் வேலைக்குப் பெயர் டிகோடிங். இதைக் கணினியின் மூளையான சிபியு செய்தால் சாஃப்ட்வேர் டிகோடிங். சிப்புக்குள் இந்த வேலைக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது, அது செய்தால் ஹார்ட்வேர் டிகோடிங். சிபியு வியர்த்துக் கொட்டிச் செய்யும் வேலையை அந்தப் பகுதி அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிடும். ஆனால் அதற்குத் தெரிந்த மடிப்பு முறைகள் மிகச் சில. தெரியாத முறையில் மடித்த கோப்பைக் கொடுத்தால் அது தொடவே தொடாது, வேலை முழுவதும் திரும்பவும் சிபியுவின் தலையில் விழும்.

கட்டளைகளை, பக்கத்தில் இருந்து சொல்லித் தருவது போலத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: கோப்பை விசாரியுங்கள்

விஎல்சி என்ற பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு, கொன்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக், அதாவது மடிப்பு முறை பற்றிய விபரங்கள் ஒரு சிறு பெட்டியில் வரும். அதில் இரண்டு வரிகள் போதும்: கோடெக் எது, படத்தின் அளவு எவ்வளவு. எச்.264 என்று இருக்கும், அல்லது எச்இவிசி என்று இருக்கும். எச்.265 என்பதும் எச்இவிசிதான். விபி9, ஏவி1 என்றும் வரலாம்.

இனி உங்களிடம் இருப்பது எந்தப் பை என்று பாருங்கள். 2019இல் வந்த பை 4, எச்.264ஐ 1080பி வரைக்கும், எச்இவிசியை 4கே வரைக்கும் ஹார்ட்வேரில் விரிக்கும். 2023இல் வந்த பை 5இல் எச்இவிசிக்கு மட்டுமே அந்தப் பகுதி இருக்கிறது. எச்.264 டிகோடரை அதில் எடுத்துவிட்டார்கள். சிபியு பலமானது என்பதால் 1080பி கோப்புகளை அதுவே சமாளித்துவிடும். பை 5இல் எச்.264 ஹார்ட்வேர் டிகோடிங்கை எப்படி இயக்குவது என்று பலர் நாள் கணக்கில் தேடுகிறார்கள். இல்லாத ஒன்றைத் தேடாதீர்கள். பை 3 என்றால் எச்.264, 1080பி, அவ்வளவுதான். விபி9, ஏவி1 இரண்டையும் இந்த மூன்றில் எதுவும் ஹார்ட்வேரில் விரிக்காது.

எங்கள் கல்யாண வீடியோவில் கொன்ட்ரோல் ஜே அழுத்தியபோது வந்தது எச்.264, 3840க்கு 2160. அதாவது 4கே. பை 4இன் எச்.264 எல்லை 1080பி. நான் இரவு முழுக்க எந்த அமைப்பை மாற்றியிருந்தாலும் அந்தக் கோப்பு ஓடியிருக்காது.

இப்படிப்பட்ட கோப்புக்கு மாற்றுவழி ஒன்றுதான்: மடிப்பை மாற்றுவது. மடிக்கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்பைத் திறந்து, பிரிசெட்டில் "ஃபாஸ்ட் 1080பி30" என்பதைத் தேர்ந்து தொடங்கிவிடுங்கள். நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். எங்கள் டீவியே 1080பி என்பதால் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

படி 2: சிஸ்டத்தைப் புதுப்பியுங்கள்

கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, "சுடோ ஆப்ட் அப்டேட்" என்று தட்டி என்டர். முடிந்ததும் "சுடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்". நான் இங்கே சொல்வது பைக்கென்றே வரும் லினக்ஸ் இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ், அதிலும் 2023இல் வந்த புக்வேர்ம் பதிப்பு. இதிலுள்ள விஎல்சி, பையின் டிகோடரைப் பயன்படுத்தும்படி திருத்தப்பட்டே வருகிறது. வேறு லினக்ஸ் போட்டிருந்தால் இந்த வசதி பெரும்பாலும் தானாக வராது. தொடக்கத்தில் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸோடு இருப்பதே நல்லது.

படி 3: கொன்பிக் கோப்பில் ஒரு வரி

"சுடோ நானோ /பூட்/ஃபேர்ம்வேர்/கொன்பிக்.டிஎக்ஸ்டி" என்று தட்டுங்கள். பழைய பதிப்புகளில் இதே கோப்பு பூட் அடைவுக்குள் நேரடியாக இருந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கோப்புக்குள் கீழே இறங்கிப் போனால் "டிடிஓவர்லே=விசி4-கேஎம்எஸ்-வி3டி" என்ற வரி இருக்கும். முதல் இரண்டு எழுத்துகளும் டிவைஸ், ட்ரீ என்ற சொற்களின் முதலெழுத்துகள். இந்த வரிக்கு முன்னால் ஹாஷ் குறி இருக்கக் கூடாது. இருந்தால் அழித்துவிடுங்கள். நண்பர் ஒருவர் தந்த மெமரி கார்டை நான் அப்படியே போட்டிருந்தேன். அதில் இந்த வரிக்கு முன்னால் ஹாஷ் இருந்தது. அதனால் கிராபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை, திரையில் படம் வரையும் வேலையையும் சிபியுவே சுமந்துகொண்டிருந்தது.

நடுவில் "எஃப்கேஎம்எஸ்" என்று ஓர் எஃப் கூடுதலாக இருந்தால் அது பழைய முறை, அந்த எஃப்பை எடுத்துவிடுங்கள். "ஜிபியு_மெம்" என்று தொடங்கும் வரியை யாராவது சேர்த்திருந்தால் அதையும் அழிக்கலாம். பை 4இல் அந்த எண்ணைக் கூட்டுவதால் வீடியோ வேகமாக ஓடாது, மற்ற வேலைகளுக்கான நினைவகம்தான் குறையும்.

சேமித்து வெளியேற: கொன்ட்ரோல் ஓ, என்டர், கொன்ட்ரோல் எக்ஸ். பிறகு "சுடோ ரீபூட்".

படி 4: டிகோடர் எழும்பியிருக்கிறதா?

"சுடோ ஆப்ட் இன்ஸ்டால் வி4எல்-யூட்டில்ஸ்" என்று ஒரு சிறு தொகுப்பை நிறுவி, "வி4எல்2-சிடிஎல் --லிஸ்ட்-டிவைசஸ்" என்று தட்டுங்கள். நீளமான பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். பை 4இல் "பிசிஎம்2835-கோடெக்-டிகோட்" என்ற பெயரும் அதன் கீழே வீடியோ10 என்பதும் தெரிந்தால், எச்.264 டிகோடர் தயார். எச்இவிசிக்கு "ஆர்பிஐவிட்" என்ற பெயரைத் தேடுங்கள். சிஸ்டத்தின் உட்கருவான கேர்னல் புதியதென்றால் அது "ஆர்பிஐ-எச்இவிசி-டெக்" என்று வரும்.

அப்புறம் விஎல்சியில் டூல்ஸ், பிரிபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போய், ஹார்ட்வேர் டிகோடிங் என்ற இடத்தில் "ஓட்டோமெட்டிக்" இருக்கிறதா என்று பாருங்கள். "டிசேபிள்" என்றிருந்தால் மாற்றிச் சேமியுங்கள்.

படி 5: கண்ணால் பாருங்கள்

டெர்மினலில் "எச்டொப்" என்று தட்டினால் மேலே நான்கு பட்டைகள் தெரியும், சிபியுவின் நான்கு கோர்கள் அவை. வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். நான்கும் விளிம்புவரை நிறைந்து நின்றால் சிபியுதான் இன்னும் மாரடிக்கிறது. தாழ்வாக ஏறி இறங்கினால் டிகோடர் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. மாற்றிய கல்யாண வீடியோவைப் போட்டு இந்தப் பட்டைகள் கீழே இறங்கியதைக் கண்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், எம்பிவி என்ற பிளேயரை நிறுவி, எச்.264 கோப்பொன்றை "எம்பிவி --எச்டபிள்யூடெக்=வி4எல்2எம்2எம்-கொப்பி" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரையும் சேர்த்து ஓடவிடுங்கள். "யூசிங் ஹார்ட்வேர் டிகோடிங்" என்று டெர்மினலிலேயே ஒரு வரி வரும். இது பை 5இல் வேலை செய்யாது.

யூடியூப் மட்டும் திக்கினால்

யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1இல்தான் வீடியோவைத் தருகிறது. பை 4இன் டிகோடருக்கு இரண்டும் தெரியாது. குரோமியம் பிரவுசரில் "என்ஹான்ஸ்ட் எச்264ஐஃபை" என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, அதில் விபி9, ஏவி1 இரண்டையும் தடுத்துவிட்டால், யூடியூப் எச்.264ஐத் தரும். 1080பிக்கு மேல் கிடைக்காது. பை 4இன் எல்லையும் அதுதானே, நட்டமில்லை.

சூடும் கரண்டும்

கொழும்பில் இதைச் சொல்லாமல் விட முடியாது. அறையே 30 பாகையில் இருக்கிறது. பையின் சிப் 80 பாகையைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைக்கும், எல்லாம் சரியாக அமைத்திருந்தும் படம் திக்கும். டீவிக்குப் பின்னால் காற்றுப் புகாத இடத்தில் பையைச் செருகி வைக்காதீர்கள். சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் ஒட்டுங்கள், சிறு விசிறியும் இருந்தால் இன்னும் நல்லது. கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.

பவர் அடப்டரிலும் கவனம் தேவை. பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். போன் சார்ஜர் ஒன்றை நான் மாதக்கணக்கில் பாவித்தேன், திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போனதைப் பெரிதாக எடுக்கவில்லை. வோல்டேஜ் போதவில்லை என்பதன் அடையாளம் அது.

"விசிஜென்சிஎம்டி கெட்_த்ரொட்டில்ட்" என்று தட்டிப் பாருங்கள். 0எக்ஸ்0 என்று வந்தால் குறையொன்றும் இல்லை. 0எக்ஸ்50000 என்று வந்தால், பையை எழுப்பியதிலிருந்து ஒரு தடவையாவது கரண்ட் போதாமல் போய் வேகமும் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அதுதான் வந்தது. அடப்டரை மாற்றி, ரீபூட் செய்து, வீடியோவை முழுவதும் ஓடவிட்டு மறுபடி தட்டினேன். 0எக்ஸ்0. அன்று பின்னேரம் அம்மா தாலி கட்டும் இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார்.