ஆர்-22 வாயுவைக் கைவிடும் நாடுகளுக்கு உதவும் முறை
ஓசோன் படலத்தைக் காப்பதற்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகள், பழைய கருவிகளின் பராமரிப்புக்கான சிறு அளவு நீங்கலாக, ஏசிகளில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-22 உள்ளிட்ட, ஓசோனைக் கெடுக்கும் எச்.சி.எஃப்.சி. வாயுக்களை 2030க்குள் கைவிட வேண்டும். உதவ முன்வருவோர் முதலில் மாற்று வாயுவைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்று வாயுக்களில் ஒன்றான ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காது என்றாலும், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 மடங்கு புவியை வெப்பமாக்குவதால், அதற்கு நிதி தருவது ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவதாகும்.

புரொப்பேன் எனும் ஆர்-290 மேலானது. இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் ஜெர்மனியின் ஆதரவுடன் அதில் இயங்கும் ஏசிகளைத் தயாரித்தது. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். ஆகவே இவ்வுடன்படிக்கையின்கீழ் வளரும் நாடுகளுக்கு உதவும் பலதரப்பு நிதியத்தின் பணம் தொழிற்சாலைகளோடு நின்றுவிடாமல், கசிவைக் கண்டறியவும் பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாது உருளையில் மீட்கவும் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கருவிகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஆர்-22க்கென வடிவமைத்த ஏசியில் புரொப்பேனை நிரப்ப ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.