துண்டு விழுந்த மாதத்தைத் தேடுங்கள்

கடனில் சிக்கிய குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது எங்கள் வேலை. இதற்கு அவ்வப்போது புதிய தன்னார்வலர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் வணிகவியல் படித்தவர்கள்; வட்டிக் கணக்கு அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. அண்மையில் இருவர் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் கணக்கைப் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தேன். தொடக்கத்தில் நானும் என் கூட்டாளிகளும் செய்த அதே தவறுகள், அதே வரிசையில் வந்தன. வரவுக்குள் செலவு செய், கிரெடிட் கார்டைத் தேய்க்காதே, கடன் செயலிகளை நம்பாதே என்ற பாட்டை இங்கே பாடப்போவதில்லை. அதெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள்.

## கடைசிக் கடனைக் காரணமாக்குவது

பள்ளிபாளையத்தில் இருந்த அந்த விசைத்தறித் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஏழு கடன்கள் இருந்தன: மகளிர் குழுக்கடன் இரண்டு, நகைக்கடன் ஒன்று, தறி முதலாளியிடம் முன்பணம், நாள்தோறும் வசூலிக்கும் தண்டல், மைத்துனரிடம் கைமாற்று, ஒரு கைப்பேசிக்கான தவணை. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய். தன்னார்வலர்களின் கண் நேராகக் கைப்பேசியில் போய் நின்றது. “இந்த நிலைமையில் இது தேவையா அண்ணா?” என்று ஒருவர் கேட்டார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து உருப்படியான தகவல் வர வெகுநேரம் ஆனது.

கடன்களைத் தொகை வாரியாக அடுக்காதீர்கள். வாங்கிய தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மே, ஜூனில் கடன்கள் குவிந்திருந்தால் பள்ளிக் கட்டணம். ஐப்பசியில் குவிந்திருந்தால் தீபாவளி. வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் செலவைத் திடீர்ச் செலவாக நினைப்பதே பல வீடுகளில் காரணம்.

இந்த வீட்டில் கடன்கள் அப்படி எந்த மாதத்திலும் குவியவில்லை. முதலில் நின்றது, தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது வைத்த நகை. ‘மருத்துவச் செலவு’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கடன் இப்போதுள்ள ஏழில் இல்லை. நகையில் ஒரு பகுதியை விற்று அதை எப்போதோ அடைத்துவிட்டார்கள். அடைபடாமல் நின்றது வேறொன்று. படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள மருமகள் தார் சுற்றும் வேலையை, அதாவது தறிக்கு நூல் சுற்றித் தரும் வேலையை, விட்டார். மாதம் 6,000 ரூபாய் நின்றது. 2,000 ரூபாய்க்குச் செலவைக் குறைத்தார்கள். மீதி 4,000 மாதாமாதம் துண்டு விழுந்தது. முதல் ஆண்டில் அதற்காக ஏறக்குறைய 50,000 கடன். இரண்டாம் ஆண்டில் அந்தக் கடனின் தவணையும் சேர்ந்து துண்டு இரட்டிப்பானது. ஏழு கடனும் அந்த 4,000 ரூபாயின் குட்டிகள்தான். கைப்பேசி அதில் ஆகக் கடைசிக் குட்டி.

## காரணம் தெரியும் முன்பே எல்லாவற்றையும் ஒரே கடனாக்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்க்கும்போதுதான். படித்த பிள்ளைகள் தாளில் அழகாகப் போட்டுக் காட்டுவார்கள். ஏழு தவணைக்கு மாதம் 13,000 போகிறது. வீட்டுப் பத்திரத்தை வைத்து 3 லட்சத்தை 18 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் தவணை 7,600தான். மாதம் 5,400 மிச்சம், தினமும் வாசலில் ஆள் வந்து நிற்பதும் ஓய்ந்தது. கேட்கும் குடும்பமும் கைகூப்பி நன்றி சொல்லும்.

ஆனால் 4,000 துண்டு எங்கே போயிற்று? அது தாளிலேயே இல்லை. புதிய தவணை 7,600, துண்டு 4,000, ஆக மாதம் 11,600 ரூபாய்க்கு அப்போதும் வழி கிடையாது. முதல் சில மாதங்கள் கைமாற்றில் ஓடும். பழைய குழுக்கடன் ஒழுங்காக முடிந்துவிட்டதால் குழுவில் புதிய கடன் உடனே கிடைக்கும். தண்டல்காரரும் நல்ல வாடிக்கையாளர் என்று மறுபடி கொடுப்பார். கரூர்ப் பக்கம் சிற்றுண்டிக் கடை நடத்திய ஒரு தம்பதிக்கு இப்படித்தான் நடந்தது. எதிரே இருந்த கல்லூரி விடுதி இடம் மாறிப்போனதில் கடை வியாபாரம் பாதியாகியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, கடன்களை மட்டும் கூட்டி ஒன்றாக்கினார்கள். ஒன்றரை வருடத்தில் அதே குழு, அதே தண்டல் திரும்பி வந்தன, கூடவே பத்திரக் கடனும். முன்பு வீட்டுக்கு ஆபத்து இருக்கவில்லை. இப்போது இருந்தது.

கையெழுத்தை மட்டும் நம்பிக் கொடுத்த கடனை, வீட்டை நம்பிக் கொடுத்த கடனாக நாமே மாற்றித் தருகிறோம். குழுக்காரர் வந்து சத்தம் போடுவார், மானம் போகும், வீடு போகாது. வங்கியில் வைத்த பத்திரம் அப்படியல்ல. தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன். அதன்பின், நீதிமன்ற வழக்கில்லாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும்.

நகைக்கடனிலும் இதே கதைதான், ஆனால் சத்தமில்லாமல் நடக்கும். ஆண்டு முடிவில் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறார்கள். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே சங்கிலிக்குக் கூடுதல் பணம் கிடைக்கிறது. குடும்பம் சமாளித்துவிட்டதாக நினைக்கிறது. உண்மையில் வீட்டின் துண்டைத் தங்கத்தின் விலையேற்றம் மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். திருப்பி வைத்த ரசீதுகளை வரிசையாக வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தொகை ஏறியிருந்தால் நீங்கள் தேடுவது அங்கேதான் இருக்கிறது.

பள்ளிபாளையத்தில் பத்திரத்தைத் தொடவில்லை. வீட்டிலேயே தார் சுற்ற ஏற்பாடு செய்ததில் மாதம் 3,000 வரத் தொடங்கியது. மாமியாரின் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவை வீட்டுக்கே இலவசமாக வரும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அதில் ஏறத்தாழ 1,000 மிச்சம். துண்டு அடைபட்ட பிறகுதான் கடன்காரர்களிடம் தவணை நீட்டிப்புப் பேசப் போனோம். கடன்களை ஒன்றாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தவணைகளைத் தவிர்த்த வரவும் செலவும் சில மாதமாவது தொடர்ந்து சரிக்குச் சரியாக நின்றபின் செய்யுங்கள்.

## கணவரிடம் மட்டும் கேட்பது

குழுக்கடன் மனைவி பெயரில் இருக்கும். செயலிக் கடன் கணவரின் கைப்பேசிக்குள் இருக்கும். ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியாது, அல்லது பாதிதான் தெரியும். இருவரையும் சேர்த்து உட்காரவைத்துத் தொடங்கினால் இரண்டு பொய்ப் பட்டியல்கள் கிடைக்கும். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். யார் சொன்னதையும் அவர் அனுமதியில்லாமல் மற்றவரிடம் உடைக்காதீர்கள். ஒரு வீட்டில் சண்டை மூட்டிவிட்டுத் திரும்புவது ஆலோசனை ஆகாது.

## மொய் நோட்டைப் பார்க்காதது

கடன் பட்டியலில் மொய்யை யாரும் சொல்லமாட்டார்கள். “அது கடனா சார், செய்முறைதானே?” என்பார்கள். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடியில் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் வாங்கியவருக்கு, அதைக் கூட்டிவைத்துத் திருப்பிச் செய்யும் கடமை வருடக்கணக்கில் நிற்கும். விருந்து வழக்கம் இல்லாத ஊர்களிலும் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் பணத்தைக் கறந்துவிடும். அந்த நோட்டை வாங்கி, இன்னும் செய்ய வேண்டிய பெயர்களைக் கூட்டுங்கள். இதைத் தவிர்க்கச் சொல்லி அறிவுரை தருவது வீண்; அந்த ஊரில் அவர்கள் வாழ வேண்டும். மாதக் கணக்கில் அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

## கடன் அறிக்கையோடு நின்றுவிடுவது

யார் எங்கே கடன் வாங்கினார் என்ற பதிவை வைத்திருக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். கணக்குத் தொடங்கிய தேதி அதில் இருக்கும் என்பதால் வாங்கிவிடுங்கள். ஆனால் தண்டல், கைமாற்று, முன்பணம், மார்வாடிக் கடை அடகு எதுவும் அதில் வராது.

## ஜாமீன்

மற்றவருக்காகப் போட்ட கையெழுத்தும் கடன்தான். கேளுங்கள்.

## குடியும் சூதாட்டமும்

இருந்தால், அதற்கான சிகிச்சை முதலில். கணக்கு பிறகு.

## தண்டல் வட்டியை 15 சதவீதம் என்று எழுதுவது

வணிகவியல் படித்தவர்களே இதில் வழுக்குகிறார்கள். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள்; நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். 10,000க்கு 1,500, ஆகவே 15 சதவீதம் என்று அட்டவணையில் ஏறிவிடுகிறது. கைக்கு வந்தது 8,500. அதுவும் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. காலமோ வெறும் 100 நாள். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 120 சதவீதத்தை ஒட்டி வரும். 15 என்று எழுதிய அட்டவணையை வைத்துக்கொண்டு, 24 சதவீதக் குழுக்கடனை முதலில் அடையுங்கள் என்று அந்தக் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவீர்கள்.