ஹைப்ரிட் கார் உண்மையில் எவ்வளவு மைலேஜ் தருகிறது? நீங்களே அளந்து பார்க்கும் வழி

ஹைப்ரிட் கார் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள கார்) வாங்கியவர்கள் முதல் மாதம் முடிந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சொன்ன மைலேஜ் வரவில்லையே, வண்டியில் ஏதாவது கோளாறா?" கோளாறு இருப்பது அபூர்வம். நீங்கள் தினமும் போகிற பாதை, ஒவ்வொரு முறையும் ஓட்டுகிற தூரம், வேகம், வெயில், குளிர் எல்லாம் சேர்ந்துதான் ஹைப்ரிட்டின் மைலேஜைத் தீர்மானிக்கின்றன. சாதாரண பெட்ரோல் காருக்கும் இது பொருந்தும். ஆனால் ஹைப்ரிட்டில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். அதனால் முதலில் அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன நோட்டு, பேனா, டயர் காற்று பார்க்கும் கேஜ் போதும்.

படி 1: எந்த வகை ஹைப்ரிட் என்று பாருங்கள்

மைல்ட் ஹைப்ரிட்டில் மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். மின்சாரத்தில் மட்டும் வண்டி நகராது. அதனால் மிச்சமும் சிறியது. முழு ஹைப்ரிட் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் மட்டும் மெதுவாக ஓடும். அதற்கு ப்ளக் தேவையில்லை. ப்ளக்-இன் ஹைப்ரிட்டை வீட்டில் சார்ஜ் போடலாம். இங்கே சொல்வது பெரும்பாலும் முழு ஹைப்ரிட்டுக்கானது.

படி 2: விளம்பர எண் எந்தச் சோதனையில் வந்தது என்று கேளுங்கள்

2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் பழைய 10-15 சோதனையில், எடை குறைந்த வகைக்கு லிட்டருக்கு 38 கிலோமீட்டர். அதே வகைக்கு அங்கேயே புதிய ஜேசி08 சோதனையில் 32.6. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு 3.9 லிட்டர், அதாவது லிட்டருக்கு 25.6. அமெரிக்காவில் கேலனுக்கு 50 மைல், அதாவது லிட்டருக்கு 21 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒரே மாடலுக்கு 38-ம் உண்டு, 21-ம் உண்டு!

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சோதனைகள்தான் வேறு. ஐரோப்பாவின் பழைய சோதனை 20 நிமிடத்தில் முடிந்துவிடும். மொத்தம் 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டரைத் தொடாது, ஏசியும் அணைந்திருக்கும். அதற்குப் பதிலாக 2017 முதல் வந்த டபிள்யூஎல்டிபி சோதனை 30 நிமிடம் நடக்கிறது. அதில் வேகம் 131 வரை போகிறது. அமெரிக்கா 2008 மாடல் ஆண்டிலிருந்து அதிவேகம், வெயிலில் ஏசி, கடுங்குளிர் மூன்றையும் கணக்கில் சேர்த்தது. அதனால்தான் அமெரிக்க எண் பலருக்கும் நடைமுறைக்கு நெருக்கமாக இருக்கிறது. இரண்டு கார்களை ஒப்பிடும்போது இரண்டு எண்களும் ஒரே சோதனையில் வந்தவையா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படி 3: டேங்க் கணக்கு போடுங்கள்

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

பெட்ரோல் போடும்போது பம்ப் தானாக 'டக்' என்று நிற்கும் வரை போடுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். "ரவுண்டாக வரட்டும்" என்று மேலும் மேலும் அழுத்த வேண்டாம். கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் புகுந்து அதுவும் கெடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். பாதி டேங்காவது காலியாகும் வரை வழக்கம்போல ஓட்டுங்கள். முடிந்தால் அதே பம்புக்கே வந்து, அதே பக்கமாக நிறுத்தி, மறுபடியும் 'டக்' வரை போடுங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும்.

என் நோட்டிலிருந்து மூன்று வரிகள்:

612 கி.மீ., 29.4 லிட்டர்: 20.8
240 கி.மீ., 14.8 லிட்டர்: 16.2
655 கி.மீ., 29.9 லிட்டர்: 21.9

இங்கே ஒரு தப்பு நிறையப் பேர் செய்கிறார்கள். கடைசியில் இருக்கும் மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். 19.6 வரும். சரியான விடை அதுவல்ல. மொத்தக் கிலோமீட்டர் 1507, மொத்த லிட்டர் 74.1. வகுத்தால் 20.3. எத்தனை டேங்க் ஆனாலும் மொத்தத்தை மொத்தத்தால்தான் வகுக்க வேண்டும்.

டாஷ்போர்டு திரையில் தெரியும் மைலேஜையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் டேங்குக்கு என் கார் காட்டியது 21.7. அதாவது நூற்றுக்கு நான்கு அதிகம். மாதக்கணக்காக எழுதிப் பார்த்ததில் இந்த நான்கு மாறவே இல்லை. உங்கள் காரின் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் திரையையே பார்த்து மனதுக்குள் கழித்துக்கொள்ளலாம்.

படி 4: அந்த 16.2 எப்படி வந்தது என்று தேடுங்கள்

நோட்டில் ஒவ்வொரு டேங்குக்கும் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதும் பழக்கம் இங்கேதான் உதவுகிறது. 16.2-க்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: "குளிர். ஹீட்டர். எல்லாம் 3 கி.மீ. ஓட்டம்."

குளிர்ந்த எஞ்சின் கிளம்பியதும், தேவையோ இல்லையோ, சில நிமிடம் ஓடியே தீரும். வெளியேறும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும் என்பதே காரணம். 3 கிலோமீட்டரில் ஓட்டம் முடிந்துவிட்டால், சூடேறிய எஞ்சினால் கிடைக்க வேண்டிய லாபம் கைக்கு வரும் முன்பே வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். ஹீட்டர் வேறு. பல முழு ஹைப்ரிட்களில் உள்ளே வரும் சூடு எஞ்சின் கூலன்டிலிருந்துதான் வருகிறது. சிக்னலில் நிற்கும்போதுகூட அந்தச் சூட்டுக்காகவே எஞ்சின் ஓடும். நான்கு சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடித்தால், குளிர்ந்த எஞ்சினோடு நான்கு முறை கிளம்புவது ஒன்றாகக் குறையும். ஓட்டும் விதத்தை மாற்றாமலே கிடைக்கும் பெரிய மிச்சம் இது.

ஏசி அவ்வளவு கொடியதல்ல. முழு ஹைப்ரிட்களில் கம்ப்ரஸர் பெரும்பாலும் மின்சாரத்திலேயே ஓடுவதால், பேட்டரி இறங்கும்போது மட்டும் எஞ்சின் எழுந்து நிரப்பும்.

இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை. மேலே சொன்ன பிரியஸுக்கு அமெரிக்கக் கணக்கில் கேலனுக்கு நகரத்தில் 51 மைல், நெடுஞ்சாலையில் 48. சாதாரண காரில் இது தலைகீழாக இருக்கும். ஹைப்ரிட் சம்பாதிப்பது நின்று நின்று போகும் நெரிசலில்தான். சீராக ஓடும் நெடுஞ்சாலையில் ஆற்றலை மீட்டெடுக்க பிரேக் பிடிக்கும் வேலையே இல்லை, எதிரே காற்று மட்டும்தான். 100-ல் போவதைவிட 120-ல் போனால் காற்றின் எதிர்ப்பு 1.44 மடங்கு. எப்போதும் நெடுஞ்சாலையிலேயே வேகமாக ஓட்டுபவருக்கு ஹைப்ரிட் பெரிய அதிசயம் எதுவும் செய்யாது. வாங்கும் முன்பே இதை யாராவது அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

படி 5: பிரேக்கில் சம்பாதியுங்கள்

ஒன்றரை டன் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் ஏறக்குறைய 208 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்தால், அந்த வேகத்தைக் கொண்டுவர மட்டுமே 20 மில்லிக்கும் கொஞ்சம் அதிகமான பெட்ரோல் செலவாகியிருக்கும். ஏறக்குறைய ஒன்றரை மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண காரில் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் தட்டில் சூடாகப் போய்விடும். ஹைப்ரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

எவ்வளவு திரும்பும் என்பது உங்கள் காலில் இருக்கிறது. பேட்டரி ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும் மின்சாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. திடீரென்று மிதித்தால், எல்லையைத் தாண்டிய பங்கை சாதாரண பிரேக்தான் தாங்கும். அந்த ஆற்றல் போனது போனதுதான். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அப்புறம் பிரேக்கை லேசாக, நீளமாக மிதியுங்கள். டாஷ்போர்டில் பவர் முள் 'சார்ஜ்' பகுதிக்குள்ளேயே நிற்கிறதா, அதன் அடிக்கோட்டைத் தாண்டி இறங்குகிறதா என்று முதல் வாரம் கவனியுங்கள். கடைசியில் வண்டி நடக்கும் வேகத்துக்கு வரும்போது எப்படியும் சாதாரண பிரேக்தான் பிடிக்கும். அது இயல்பு. பின்னால் வருபவருக்கு இடைஞ்சலாக ஊர்ந்து போகச் சொல்லவில்லை, முன்கூட்டியே பார்க்கத்தான் சொல்கிறேன்.

முடுக்குவதிலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. எஞ்சின் எழுந்துவிடக் கூடாது என்று சிலர் மிதிக்கவே பயந்து ஓட்டுகிறார்கள். ப்ளக் இல்லாத ஹைப்ரிட்டில் பேட்டரியில் இருக்கும் மின்சாரமும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். அதை இறக்கிவிட்டு மறுபடி எஞ்சினால் ஏற்றினால் போகவர இரண்டு பக்கமும் இழப்பு. சாதாரணமாக முடுக்கி, வேண்டிய வேகத்துக்கு வந்ததும் காலைச் சற்றுத் தளர்த்துங்கள். பல கார்களில் அந்த நொடியில் எஞ்சின் அணைவதை நீங்களே கேட்கலாம்.

டொயோட்டா வகை ஹைப்ரிட்டில் கியரில் 'பி' (ஆங்கில B, பார்க்கிங்குக்கான P அல்ல) என்று ஒரு நிலை இருக்கும். அது அதிகம் சார்ஜ் ஆவதற்கு அல்ல, நீண்ட மலை இறக்கத்தில் எஞ்சினால் வேகத்தைப் பிடித்து வைப்பதற்கு. தினசரி அதில் ஓட்டினால் மைலேஜ் குறையும். நெரிசலில் நியூட்ரலில் போடவும் வேண்டாம். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது.

படி 6: பராமரிப்பில் ஹைப்ரிட்டுக்கே உரிய நான்கு இடங்கள்

முதலாவது 12 வோல்ட் பேட்டரி. மூன்று வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பிய இரவு என் கார் உயிரற்றுக் கிடந்தது. கதவுகூடச் சாவியால்தான் திறந்தது. பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் பயனில்லை. கம்ப்யூட்டர்களை எழுப்புவது அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது செத்தால், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வராது. நாட்கணக்கில் நிறுத்துவதானால் இடையில் யாரையாவது 'ரெடி' நிலையில் கொஞ்ச நேரம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். காற்றோட்டம் உள்ள இடத்தில் மட்டும். நடுவில் எஞ்சின் தானாக எழும்.

இரண்டாவது, பேட்டரி குளிர்விக்கும் காற்று வழி. பல மாடல்களில் பின் இருக்கையின் ஓரத்தில் ஒரு சின்னக் கிரில் இருக்கும். உள்ளே ஃபில்டர். தூசியும் நாய் முடியும் அங்கே சேர்ந்து அடைத்தால் பேட்டரி சூடாகும், ஆயுள் குறையும். அதன்மேல் பை, துணி எதையும் போட்டு மூடாதீர்கள். வீட்டிலேயே சுத்தம் செய்யக்கூடிய இடம் இது.

மூன்றாவது பிரேக். மோட்டாரே பெரும்பாலும் நிறுத்துவதால் பேட் நீண்ட நாள் வரும். அதனாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள். உபயோகம் குறைந்த தட்டு துருப்பிடிக்கும், காலிப்பர் பின்கள் இறுகிக்கொள்ளும். பேட் மிச்சம் இருந்தாலும் சர்வீஸில் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

நான்காவது இன்வெர்ட்டர் கூலன்ட். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்குத் தனியாக ஒன்று என்று பல ஹைப்ரிட்களில் இரண்டு தொட்டி. இரண்டிலும் அளவு பாருங்கள்.

ஆரஞ்சு நிற வயர்களில் கை வைக்காதீர்கள். அவை உயர் மின்னழுத்த வயர்கள், பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

படி 7: பழைய ஹைப்ரிட் வாங்குகிறீர்களா?

பேட்டரி பயம்தான் எல்லோருக்கும். முதல் பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, அதனால் இந்த பேட்டரிகள் எப்படி மூப்படைகின்றன என்பது இப்போது நன்றாகவே தெரியும். இரண்டாம் தலைமுறை பிரியஸின் பேட்டரியில் 28 மாட்யூல் (செல்கள் சேர்ந்த தொகுதி), அதில் 168 செல், மொத்தம் 201.6 வோல்ட். காரின் கம்ப்யூட்டர் அதை ஒருபோதும் முழுக்க நிரப்பாது, முழுக்க இறக்காது. தோராயமாக 40 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருக்கும். இத்தனை வருடம் தாங்குவதற்கு அதுதான் காரணம்.

வாங்கும் முன் ஸ்கேன் கருவியால் மாட்யூல்களின் வோல்ட்டேஜை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் விலகிவிடுங்கள். "ஒரு மாட்யூல் மட்டும் மாற்றினோம், இப்போது நன்றாக இருக்கிறது" என்று சொன்னாலும் எச்சரிக்கை: மற்ற மாட்யூல்களும் அதே வயதுதான்.

படி 8: மிச்சத்தை லிட்டரில் கணக்கிடுங்கள்

லிட்டருக்கு 10-லிருந்து 20 ஆனால் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25 ஆனால் 1 லிட்டர்தான். அதனால் இப்போது ஓட்டும் கார் எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் முக்கியம். லிட்டருக்கு 12 தரும் காரில் வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் 1000 லிட்டர் ஆகும். 20 தரும் ஹைப்ரிட்டில் 600. மிச்சம் 400 லிட்டர். அதை உங்கள் பெட்ரோல் விலையால் பெருக்கி, இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை அதனால் வகுத்தால், கூடுதலாகக் கொடுத்த பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று வந்துவிடும். ப்ளக்-இன் என்றால் பெட்ரோல் லிட்டரைத் தனியாக, மின்சார யூனிட்டைத் தனியாக எழுதுங்கள். யூனிட்டைச் சுவரில் உள்ள மீட்டரில் பாருங்கள். சார்ஜ் ஆகும்போது வழியில் போகும் இழப்பு கார் திரையில் தெரியாது.

படி 9: ஒரு டேங்க் திடீரென்று பத்து சதவீதம் இறங்கினால்

வரிசையாகப் பாருங்கள். முதலில் டயர் காற்று, வண்டி ஓடும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது. பிறகு அந்த மாதம் எழுதிய குறிப்பு: குளிரா, சின்ன ஓட்டங்களா, டயர் மாற்றினீர்களா? புது டயர் போட்டதும் மைலேஜ் கொஞ்சம் இறங்குவது உண்டு. இதில் எதுவும் இல்லையென்றால் பேட்டரி ஃபில்டர். கடைசியாக, பிரேக் அதிகம் பிடிக்காமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகே, தொடாமல், கையை நீட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் உரசிக்கொண்டிருக்கிறது. உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.