செயற்கை நுண்ணறிவும் நம் விசுவாசமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒரு வேத வசனம் கேட்டால் அதிகாரமும் எண்ணுமாக நொடியில் தந்துவிடுகிறது. வேதாகமத்தைத் திறந்தால் சில வேளை அந்த இடத்தில் வேறு வசனம் இருக்கும். சில வேளை அப்படியொரு வசனமே எங்கும் இருக்காது. திறந்து பார்க்காமல் நம்புவதுதான் முதல் தவறு. இந்தக் கருவி படித்து வைத்த ஏராளமான எழுத்தை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. அதனால் இல்லாத வசனமும் அதே வேதாகமத் தமிழில், அதே கம்பீரத்தோடு வரும். பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அப்போஸ்தலன் சொன்னதையே சரிபார்த்தார்கள் என்றால், இதைச் சரிபார்க்க நாம் தயங்கவே கூடாது.

அடுத்தது, கருவியைக் குருவானவராக்குவது. 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று ‘ஃபாதர் ஜஸ்டின்’ என்ற உரையாடல் செயலியை வெளியிட்டது. அது தன்னை உண்மையான குரு என்றே சொல்லிக்கொண்டது, பாவமன்னிப்பும் வழங்கியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அதன் குருத்துவ உடையைக் கழற்றி, வெறும் ‘ஜஸ்டின்’ ஆக்கினார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். பாவ அறிக்கையின் இரகசியத்தைக் காக்கும் கடமை குருவானவருக்கு உண்டு. செயலியில் தட்டச்சு செய்தது ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது.

எனக்கு அதிகம் வலிப்பது ஜெபத்தைப் பற்றிய தவறு. ஒருமுறை துக்க வீட்டுக்குப் போகும் முன் இப்படியொரு கருவியிடம் ஒரு ஜெபம் எழுதி வாங்கினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் மகனை இழந்த அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு திக்கித் திக்கி நாலு வரிதான் ஜெபிக்க முடிந்தது. இன்னது வேண்டிக்கொள்ள வேண்டுமென்று அறியாத நமக்காக ஆவியானவரே “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” வேண்டுதல் செய்கிறார் என்கிறது ரோமர் 8:26. வார்த்தை வராமல் திணறுவதும் ஜெபம்தான். அந்தத் திணறலை ஒரு கருவியிடம் கொடுத்துவிட்டால் நாம் தேவனிடம் கொண்டுபோக என்ன மீதி இருக்கும்? எழுதி வைத்த ஜெபங்களைச் சபை காலங்காலமாகச் சொல்லி வருகிறதே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அவற்றை முதலில் யாரோ முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறார்கள்.

இதையே போதகர்களிடமும் தாழ்மையாகச் சொல்வேன். மூலமொழிச் சொல்லின் பொருளையோ பின்னணியையோ தேடிக் கொள்ளுங்கள், அப்புறம் சரிபாருங்கள். பிரசங்கத்தை மட்டும் உங்கள் சபையாரின் கண்ணீரை அறிந்த நீங்களே எழுதுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: வெளிப்படுத்தின விசேஷம் எச்சரிக்கும் 666, மிருகத்தின் முத்திரை இதுவே என்று பயந்து ஓடுவது. ஒரு காலத்தில் பார்கோடையும் அப்படித்தான் சொன்னார்கள். இதே கருவிகளால் இதுவரை வேதாகமம் இல்லாத மொழிகளில் மொழிபெயர்ப்பு வேலை வேகமடைய வழி இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடம் வேறு. 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ‘ஆந்திக்குவா எத் நோவா’ என்ற குறிப்பு, 115-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டுகிறது. பழைய விக்கிரகங்களுக்கு வாயிருந்தும் பேசாது. செயற்கை நுண்ணறிவோ பேசுகிறது, அதனால் இன்னும் எளிதாக மயக்கும் என்கிறது. இரவு இரண்டு மணிக்கு மனம் உடைந்து கைபேசியை எடுக்கும் ஒருவருக்கு அது உடனே பதில் சொல்லும். அந்த நேரத்தில் கூப்பிட நம் எண் அவரிடம் இருக்கிறதா, கூப்பிட்டால் நாம் எடுப்போமா?