ஃபியூஸ் மாற்றியதும் ஊமையான ஏவிஆர் சிப்புக்கு வெளியிலிருந்து கிளாக்

ஏடிமெகா328பி என்ற ஏவிஆர் மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் ஃபியூஸை (சிப்பின் அடிப்படை அமைப்புகளைச் சேமிக்கும் பிட்டுகள்) வெளி கிளாக்குக்கோ (சிப்பை இயக்கும் துடிப்பு) கிரிஸ்டலுக்கோ மாற்றிய பிறகு புரோகிராமர் சிப்பைக் கண்டுகொள்ளவில்லையா? சிப்பைக் கழற்றிப் போடாதீர்கள். இன்னொரு ஆர்டுயினோ ஊனோவின் டைமர்1-ஐ வைத்து 9-ஆம் பின்னில் 8 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை எடுத்து, சிப்பின் கிளாக் உள்ளீடான எக்ஸ்டால்1-இல் (இரு பக்கமும் கால் நீட்டிய டிப் சிப்பில் அதுவும் 9-ஆம் கால்தான்) கொடுங்கள். இரண்டு போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள், பாதி பேர் கோட்டை விடுவது அங்கேதான். சிப் 3.3 வோல்ட்டில் ஓடினால் 5 வோல்ட் அலையை நேரே கொடுக்கக் கூடாது.

ஐஎஸ்பி முறையில் (சிப்பை இருந்த இடத்திலேயே வைத்து எஸ்பிஐ கம்பிகள் வழியே புரோகிராம் எழுதுவது) சிப்பின் சொந்த கிளாக் ஓடினால்தான் அது பதில் பேசும். கிளாக் நின்றால் சிப்பின் வகையைச் சொல்லும் கையெழுத்து எண் 000000 என்று வரும், அல்லது ஒன்றுமே வராது. புரோகிராமரின் எஸ்சிகே (தரவு அனுப்பும் துடிப்பு) வேகமும் சிப்பின் கிளாக்கில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் புரோகிராம் எழுதும் மென்பொருளான ஏவிஆர்டியூடில் பிட் கிளாக்கை (எஸ்சிகேயின் ஒரு துடிப்பு நேரம்) 10 மைக்ரோசெகண்டாக்கி வேகத்தை இறக்கிவிட்டே தொடங்குங்கள். சிப் பேச ஆரம்பித்ததும் கிளாக்கைத் தீர்மானிக்கும் லோ ஃபியூஸை இ2 (ஹெக்ஸ் எண்) ஆக்கினால் உள் 8 மெகாஹெர்ட்ஸுக்குத் திரும்பிவிடும்; அப்புறம் அலை தேவையில்லை.

உள் 128 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியிருந்தால் வெளி அலையால் பயனில்லை. கிளாக்கை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் அணைந்திருந்தால் பிட் கிளாக்கை 50 மைக்ரோசெகண்டாக்கினால் போதும். ரீசெட் காலையே ஃபியூஸில் அணைத்திருந்தாலோ எஸ்பிஐ புரோகிராமிங்கை நிறுத்தியிருந்தாலோ இந்த வழி நடக்காது, 12 வோல்ட் புரோகிராமர்தான் வேண்டும்.