சியர்ஸ் விற்ற ஆல்ஸ்டேட் கார்: வாங்குமுன் பார்க்க வேண்டியதும், தூங்கும் வண்டியை எழுப்பும் முறையும்

சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் தபால்வழிக் கேட்டலாகில் எதையும் விற்றுப் பேர் வாங்கிய கடை. கார் வியாபாரத்திலும் அது இரண்டு முறை கையை விட்டுப் பார்த்தது. 1908 முதல் 1912 வரை விற்ற ‘மோட்டார் பக்கி’ குதிரை வண்டிச் சக்கரமும் சங்கிலி ஓட்டமும் கொண்டது. அடுத்தது 1952, 1953 மாடல்களாக வந்த ‘ஆல்ஸ்டேட்’. காய்சர்-ஃப்ரேசர் நிறுவனம் மிச்சிகன் வில்லோ ரன் ஆலையில் செய்துகொண்டிருந்த ஹென்றி ஜே காரைத்தான் சியர்ஸ் தன் பேர் போட்டு வாங்கி விற்றது. 1952-இல் 1,566, 1953-இல் 797, ஆக 2,363 வண்டிதான் மொத்தமே. வாங்க நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான்.

ஏனென்றால் இன்ஜின், கியர், ஆக்சில், பாடித் தகடு எல்லாம் ஹென்றி ஜேயோடு பொது. அவை இன்றும் தேடினால் கிடைக்கும். கிடைக்காதவை ஆல்ஸ்டேட்டுக்கென்றே வார்த்த அலங்காரச் சாமான்கள்: முன் கிரில், பானட் சிலை, பானட் பேட்ஜ், வீல் கப், ஹார்ன் பட்டன், பார்க்கிங் விளக்கு, பின் விளக்கு. கிரில்லை வடிவமைத்தவர் டக்கர் காரில் வேலை பார்த்த அலெக்ஸ் ட்ரெமுலிஸ். ஆகவே ஓடாத இன்ஜினும் முழு அலங்காரமும் உள்ள வண்டியை யோசிக்காமல் எடுக்கலாம். சீராக ஓடும் வண்டியில் கிரில் இல்லையென்றால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அந்தக் கிரில்லுக்காக இன்னொரு முழு வண்டியையே வாங்க நேரலாம்.

அடுத்த தொல்லை போலி. ஹென்றி ஜேயில் ஆல்ஸ்டேட் சாமான்களை மாட்டி விற்பது ஒன்றும் கடினமல்ல. டார்ச் எடுத்துக்கொண்டு பானட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழைய பேட்ஜ் துளைகளை வெல்டிங் வைத்தோ பட்டி பார்த்தோ அடைத்திருந்தால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே வட்ட வட்டமாகத் தெரியும். இன்ஜின் பிளாக்கில் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் ஓரிடத்தில் துடையுங்கள். ஆல்ஸ்டேட் இன்ஜின் நீல நிறம். சுலபமாக எட்டும் மேற்பகுதியை விட்டுவிட்டு, மேனிஃபோல்டுக்கு (இன்ஜினின் பக்கத்தில் காற்றும் புகையும் போகும் குழாய்த்தொகுதி) பின்னாலும் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) ஓரத்திலும் தேடுங்கள். புதிதாக அடித்த நீலம் அங்கெல்லாம் போயிருக்காது. மலிவான ஹென்றி ஜேக்களில் வெளியே திறக்கும் டிக்கி மூடியும் டேஷ்போர்டில் கிளவ் பாக்ஸும் கிடையாது, ஆல்ஸ்டேட்டில் இரண்டும் உண்டு. இரண்டும் இல்லாத வண்டியை ஆல்ஸ்டேட் என்றால் சந்தேகப்படுங்கள். கடைசியாக, வண்டியின் சீரியல் எண் தகட்டில் இருக்கும் எண்ணும் உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தகட்டின் ரிவெட் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

ஹென்றி ஜே எடை குறைவு என்பதால் அமெரிக்க டிராக் ரேஸ்காரர்கள் ஏராளமான வண்டிகளை வெட்டிப் பெரிய V8 இன்ஜின் பொருத்தினார்கள். இன்ஜினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகடு வெட்டுப்பட்டிருக்கிறதா, பின் சக்கர வளைவு அகலப்படுத்தப்பட்டிருக்கிறதா, முன் சஸ்பென்ஷன் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மூல நிலைக்குக் கொண்டுவரும் செலவு வண்டி விலையைத் தாண்டும். துருவைப் பொறுத்தவரை கதவுக்குக் கீழ் ஓரம், தரை, டிக்கித் தரை ஆகிய மூன்றையும் சின்ன ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார்த்தால் போதும்.

இனி இன்ஜின். இரண்டு வகை, இரண்டும் வில்லிஸ் தயாரிப்பு: 134 கன அங்குல, 68 குதிரைச் சக்தி நான்கு சிலிண்டர், 161 கன அங்குல, 80 குதிரைச் சக்தி ஆறு சிலிண்டர். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஜீப்பின் நெருங்கிய சொந்தம். மஹிந்திரா ஜீப் இன்ஜினைப் பிரித்துப் பழகிய கைக்கு இதன் கீழ்ப்பாதி அந்நியமாகத் தெரியாது.

பல வருடம் நின்ற வண்டியில் முதல் நாளே செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தால் உடையும். வால்வு ஒட்டியிருந்தால் அதைத் தூக்கிவிடும் டேப்பெட்டும் கேமும் அடி வாங்கும். இது பக்க வால்வு இன்ஜின், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே நிற்கின்றன. பிளக்கைக் கழற்றி எண்ணெயைச் சும்மா ஊற்றினால் வால்வு மேலேயே தேங்கிவிடும். வளைந்த மெல்லிய குழாய் மாட்டிய எண்ணெய்க் குப்பியால் பிஸ்டன் பக்கமாகச் செலுத்துங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் (ATF) மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு சுமார் 40 மில்லி, இரண்டு மூன்று நாள் ஊறட்டும். பிறகு பக்கவாட்டு வால்வு மூடியைக் கழற்றிவிட்டு, கையால் இன்ஜினை மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏறி அப்படியே நின்றுவிட்ட வால்வு இருந்தால் அதன் தண்டில் கலவையை விட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். சுத்தியலால் நேரடியாகத் தட்ட வேண்டாம்.

எண்ணெய் மாற்றுவதோடு நிறுத்தாமல் சம்பையே இறக்கிவிடுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினில் எண்ணெய் உறிஞ்சும் வாய் மிதவையாக இருக்கும். அடியில் உறைந்த கசடு அதன் வலையை மூடியிருந்தால் புது எண்ணெய் ஊற்றியும் பிரஷர் ஏறாது. பழைய கசடு இருக்கும்போதே டிடர்ஜென்ட் எண்ணெய் ஊற்றினால் அது கரைந்து அங்கேதான் போய் அடைக்கும்.

நான்கு சிலிண்டருக்கான அளவுகள்: டேப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.016 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் 0.020, பிளக் 0.030. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. ஆறு சிலிண்டருக்கு 1-5-3-6-2-4. கம்ப்ரஷன் பார்க்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதே முக்கியம். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால் இடையில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்று மோட்டாரைக் கழற்றுபவர்கள் பாதிப்பேர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். இது 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரு மடங்கு கரண்ட் ஓடும். இன்றைய கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி கேபிள் அதற்குத் தாங்காது. அமெரிக்க வயர் அளவில் (AWG) 1/0 அல்லது 2/0 கனத்தில் செய்து வாங்குங்கள். எர்த் முனைகளில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய இறுக்குங்கள், இன்ஜினுக்கும் சேஸிக்கும் தனிப் பட்டை போடுங்கள். இதற்குப் பிறகும் சுற்றவில்லையென்றால் மோட்டாரைக் கழற்றலாம். 12 வோல்ட்டுக்கு மாற்றுவது சுலபம் என்பார்கள். காயில், பல்பு, ஹார்ன், மீட்டர், ஹீட்டர் மோட்டார் என்று அது வளர்ந்துகொண்டே போகும். தவிர இவ்வளவு அபூர்வமான வண்டிக்கு அழகும் அல்ல.

பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவாமல் ஓட்ட வேண்டாம். காய்ந்த பெட்ரோல் பிசினாகி, சூடேறும்போது கரைந்து வால்வுத் தண்டில் போய் மறுபடி ஒட்டும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்பதால் ஃபியூல் பம்ப் டயஃப்ரம், ஹோஸ் இரண்டையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் இருக்காது. ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் கிட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். பின் டிரம் கூம்பு அச்சில் இறுகியிருந்தால் சுத்தியலுக்கு மசியாது. அடித்தால் பேரிங்தான் போகும். திருகு வகை ஹப் புல்லர் மாட்டி, அச்சு நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று இழை விட்டு வைத்து, இறுக்கிவிட்டு விலகி நில்லுங்கள். சில சமயம் ராத்திரி முழுக்க அப்படியே விட்டால்தான் காலையில் விடும். நட்டு இல்லாமல் செய்தால் டிரம் தெறித்து வந்து முழங்காலைப் பெயர்க்கும்.